‘பெரிஓர்பிற்றல் செலுலைற்றிஸ்’: இரு சொற்கள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

கண்ணைச் சுற்றித் தொற்றால் வரும் வீக்கத்தைக் குறிக்கும் ‘பெரிஓர்பிற்றல் செலுலைற்றிஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘கண்சுற்று அழற்சி’ என்று வழங்கலாம் என முன்மொழிந்திருக்கிறார்கள். அது சொல்வதற்கு எளிது. ஆயினும் சிகிச்சையில் பெரிதும் வேறுபடும் இரு நிலைமைகளை அது ஒன்றாக்கிவிடுவதால் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கண்குழியின் விளிம்பிலிருந்து இமைக்குள் இறங்கும் மெல்லிய நார்த்தடுப்பு ஒன்று உண்டு. பூச்சிக்கடி, கீறல், முற்றிய கண்கட்டி ஆகியவற்றால் வந்த தொற்று அத்தடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டால், இமை சிவந்து வீங்கி மூடிக்கொண்டாலும், அதை மெல்ல விலக்கிப் பார்க்கும்போது விழி எல்லாத் திசைகளிலும் வலியின்றி அசையும், பார்வையும் குறைந்திராது. வாய்வழி நுண்ணுயிர்கொல்லியே பெரும்பாலும் போதும். கைக்குழந்தையானால் பெரும்பாலும் வைத்தியசாலையில் வைத்தே பார்ப்பார்கள். தடுப்புக்குப் பின்னால் வருவதோ, பெரும்பாலும் மூக்கை அடுத்த சைனஸ் அறைகளில் தொடங்கி, இடையிலுள்ள கடதாசி போன்ற எலும்பைக் கடந்து வரும் தொற்று. விழி முன்தள்ளும், அசைத்தால் வலிக்கும், உருவம் இரண்டாகத் தெரியும், பார்வை மங்கும். உடனே அனுமதித்து நாளத்தின் வழியே மருந்து ஏற்றி, சி.ரி. ஸ்கான் எடுத்து, சீழ் கட்டியிருந்தால் சத்திரசிகிச்சையும் செய்ய நேரிடலாம். தாமதித்தால் பார்வை போகலாம். மூளையுறை வரை தொற்றுப் பரவலாம்.

கிருமியின் பெயரால் வழங்கலாம் என்ற யோசனையும் நிலைக்காது. சிறு பிள்ளைகளில் ஒருகாலத்தில் முக்கிய காரணமாயிருந்த ஹிப் (ஹீமோபிலஸ் இன்புளுவென்சா வகை பி) என்ற பற்றீரியாவுக்கு எதிரான தடுப்பூசி 2008இல் இலங்கையில் அறிமுகமானது. இன்று முன்னிற்பவை ஸ்ரபிலோகொக்கஸ், ஸ்ரெப்ரோகொக்கஸ் என்ற வேறு பற்றீரியாக்கள்.

‘செலுலைற்றிஸ்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ‘கலவழற்சி’ என்பதையும் தவிர்ப்போம். நம் பாடநூல்களில் கலம் என்பது உயிரின் அடிப்படை அலகு. இங்கே அழற்சியுறுவதோ தோலின் ஆழத்திலும் அதன் கீழும் உள்ள இழையம். ஆகவே தடுப்புக்கு முன்னால் நிற்பதை ‘இமை இழைய அழற்சி’ என்றும் பின்னால் வருவதைக் ‘கண்குழி இழைய அழற்சி’ என்றும் வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. தமிழ்நாட்டு நண்பர்கள் இழையத்தைத் திசு என்று மாற்றிக்கொள்ளலாம். ‘கண்குழி விழுந்திருக்கிறது’ என்ற பேச்சுவழக்கு குழப்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார்; அழற்சி என்ற சொல் தொடர்ந்து வருவதால் அந்த மயக்கம் நேராது.

இரவில் பிள்ளையின் இமை வீங்கியதைப் பார்க்கும் கொழும்புத் தாய், விடியும்வரை பொறுப்பதா, உடனே பொரளை சிறுவர் வைத்தியசாலைக்கு ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அவருக்கான துண்டுப்பிரசுரத்தில் இப்படி எழுதலாம்: “இமை வீங்கினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். விழி முன்தள்ளினாலோ, அசைக்கும்போது வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அது கண்குழி இழைய அழற்சியாக இருக்கலாம். இரவானாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.” இவ்வரிகளில் இடறும் சொல் எதுவாயினும் சுட்டிக்காட்டுங்கள்.