ஐசியூ நர்ஸ், ஆட்டிசம்: மேலிடத்துல சொல்லலாமா?

தனியார் ஆஸ்பத்திரி ஐசியூல ஆறு வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். எனக்கு ஆட்டிசம்னு போன வருஷம்தான் தெரிஞ்சது. மருந்து அளவுல இதுவரை ஒரு தப்பு வந்ததில்ல. வென்டிலேட்டர் அலாரம்கூடப் பரவாயில்ல, அது எதுக்கு அடிக்குதுன்னு தெரியும். ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரம் சொல்ற ஹேண்ட்ஓவர்தான் திண்டாட்டம். நாலு பேர் ஒண்ணாப் பேச, பக்கத்துல போன் அடிக்க, காதுல ஒண்ணும் ஏறாது. எழுதிக் கொடுங்கன்னு கேட்டா, திமிருங்கறாங்க இன்சார்ஜ் சிஸ்டர்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு. ஆனா, வேலைல தேவையான வசதி செஞ்சு தரணும்ங்கற 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் சொல்லுது. தனியார்ல யாராவது யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) காட்டிக் கேட்டிருக்கீங்களா? கேட்டதும் ஐசியூல இருந்து மாத்திட்டாங்களா? வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது, இன்பாக்ஸ்ல சொன்னாலும் சரி.