புதுப்பிப்பு: விஷன்சர் ஏரி ட்ரவுட்டுக்கு எடுபட்ட லூர்

டெல்லியிலிருந்து காஷ்மீர் விஷன்சர் ஏரிக்கு ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறேன், எந்த லூர் (தூண்டிலில் மாட்டும் செயற்கை இரை) எடுத்துப் போவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எடுபட்டது மயூர் விஹார் அண்ணன் சொன்ன செம்பு நிற ஸ்பூன்தான் (கரண்டி போல வளைந்த உலோக லூர்), 5 கிராமுக்குள். சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் தண்ணீர் அவ்வளவு தெளிவு. வெயிலில் வெள்ளி நிற ஸ்பின்னரை (இழுக்கும்போது தகடு சுழலும் லூர்) பார்த்தால் மீன் கிட்டே வந்து, முகர்ந்து பார்த்த மாதிரி நின்று, திரும்பிவிடுகிறது. ஸ்பூனை ஓடை வந்து சேரும் வாயில் வீசி, நன்றாக மூழ்கவிட்டு, மெதுவாக இழுக்கவேண்டும். நடுவில் ஒரு நொடி நிறுத்துங்கள், அப்போதுதான் கவ்வும்.

எதிர்பாராதது: மதியத்துக்கு மேல் காற்று எழுந்து தண்ணீர் கலைந்ததும் அதே வெள்ளி ஸ்பின்னரையும் விடவில்லை!

அப்புறம், மீன்வளத் துறை அனுமதிச் சீட்டை ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள். மேலே கிடைக்காது.