சுழல் வால்வும் ஒரு துண்டுத் தக்கையும்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், செக் எல்லையை ஒட்டியுள்ள மார்க்நொய்கிர்ஹெனுக்கு என் டிரம்பெட்டை நான் எடுத்துச் சென்றது, இரண்டாம் வால்வை அழுத்தி வாசிக்கும் சுரங்கள் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கி ஒலித்ததால்தான். 1677-லேயே வயலின் செய்வோர் சங்கம் அமைத்துக்கொண்ட ஊர் அது. பித்தளைக் கருவிகளைக் கையால் செய்யும் சிறு பட்டறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

என்னுடையது மேலும் கீழும் இயங்கும் பிஸ்டன் வகையன்று, 1835-இல் வியன்னாவில் யோசெப் ரீடில் காப்புரிமை பெற்ற சுழல் வால்வு வகை. விசையை அழுத்தியதும் உள்ளிருக்கும் உருளை கால் சுற்றுத் திரும்பி, காற்றைக் கூடுதல் குழாய் வழியாகச் சுற்றி வரச் செய்யும். உருளை தேய்ந்துவிட்டது என்று நானாகவே முடிவுகட்டி, வாரக்கணக்கில் எண்ணெய் ஊற்றிப் பார்த்திருந்தேன்.

பட்டறைக்காரர் எண்ணெயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வால்வின் பின்மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, விசையை மெதுவாக அழுத்தச் சொன்னார். உருளையின் அச்சு முனையிலும் அதைத் தாங்கும் தகட்டிலும் மயிரிழை போன்ற கோடுகள் இருந்தன. விசையை விட்டிருக்கும்போது அவை நேராக நின்றன. அழுத்தும்போதோ அச்சின் கோடு தன் இணையைச் சற்றே தாண்டிப் போய் நின்றது. உருளையில் ஒரு குறையும் இல்லை. அது மோதி நிற்க வேண்டிய தக்கை அமுங்கிப்போனதால், உருளையின் துளையும் குழாயின் வாயும் முழுதாகப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

புதிய தக்கைக்கு வைத்த பசை காயும்வரை, ஜன்னலோரம் நடந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாதஸ்வரத்துக்கு அணைசு எப்படியோ, டிரம்பெட்டுக்கு அதன் விரிந்த வாய் அப்படி. விசிறி வடிவில் வெட்டிய மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, பல்வரிசைபோல் வெட்டிய ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பற்றவைத்து, எஃகு அச்சின் மேல் மாட்டி, அந்த மூட்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை தட்டினார்கள். தட்டத் தட்டப் பித்தளை இறுகிவிடும் என்பதால் அவ்வப்போது தீயில் காட்டி இளக்கினார்கள். குழாய்களை வளைக்கும் முறைதான் என்னை மிகவும் வியக்க வைத்தது: சோப்பு நீரை உள்ளே நிரப்பி உறைய வைத்துவிட்டால், வளைக்கும்போது சுவர் மடங்காதாம். முன்பு இதற்கு ஈயத்தை உருக்கி ஊற்றுவார்களாம்.

தக்கையை வேண்டுமென்றே தடிமனாக ஒட்டியிருந்தார். சவர பிளேடால் ஒரு சீவல் சீவுவதும், விசையை அழுத்திக் கோட்டைப் பார்ப்பதுமாக நான்கைந்து முறை செய்த பிறகே கோடுகள் நேருக்கு நேர் நின்றன. வாசித்தேன், போர்வை விலகியிருந்தது. தக்கைக்கு அவர் காசு வாங்கவில்லை. நான் ஊற்றியிருந்த எண்ணெயைத் துடைத்தெடுத்த நேரத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.