அசெம்பிளி இன்டரப்ட் வந்தால் சி பெருக்கல் தவறுகிறது: ஆர்1 ரெஜிஸ்டர் காரணமா?

அட்மெகா328பி மைக்ரோகன்ட்ரோலர், 16 மெகாஹெர்ட்ஸ், ஏவிஆர்-ஜிசிசி கம்பைலர். முதன்மை நிரல் சி-யில். டைமர்1 இன்டரப்ட் (முதன்மை நிரலை இடைநிறுத்தி ஓடும் சிறு நிரல்) மட்டும் தனி அசெம்பிளி கோப்பில், நொடிக்கு 1000 முறை ஓடுகிறது.

சி பக்கம் 100 மில்லிநொடிக்கு ஒருமுறை இரண்டு 8 பிட் எண்களைப் பெருக்குகிறேன். மணிக்கு ஓரிரு முறை விடை கெடுகிறது. 200ஐ 30ஆல் பெருக்கினால் 6000 வரவேண்டும், வருவது 112. அதாவது கீழ் பைட் சரி, மேல் பைட் பூச்சியம். எப்போதுமே இதே வகைத் தவறுதான்.

இதுவரை பார்த்தவை: ஸ்டாக்கில் 1500 பைட்டுக்கு மேல் மிச்சம், அது நிரம்பவில்லை. பகிரும் மாறிகள் எல்லாம் வாலட்டைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிப்பவை). இன்டரப்டை நிறுத்தினால் தவறே இல்லை. அதே வேலையை சி-யில் எழுதினாலும் இல்லை.

அசெம்பிளியில் ஆர்0, ஆர்24, ஆர்25, எஸ்ரெக் (நிலை ரெஜிஸ்டர்) நான்கையும் தொடக்கத்தில் புஷ் செய்து (ஸ்டாக்கில் சேமித்து), முடிவில் பாப் செய்கிறேன் (திரும்ப எடுக்கிறேன்). உள்ளே ஒரு மல் (பெருக்கல்) கட்டளை உண்டு. அது ஆர்1ஐ மாற்றிவிடும் என்பதால் வெளியேறும் முன் கிளியர் செய்கிறேன் (பூச்சியமாக்குகிறேன்). சி-க்கு ஆர்1 பூச்சியமாக இருக்கவேண்டும் என்பது விதி.

தவறு இவ்வளவு அரிதாக வருவதால், மாற்றிப் பார்த்து ஒரு மணி நேரம் வராததை நம்ப முடியவில்லை.

இன்டரப்டில் ஆர்1ஐக் கிளியர் செய்தால் போதுமா, அல்லது நுழையும்போது இருந்த மதிப்பையே புஷ் செய்து திருப்பித் தரவேண்டுமா?