சூலகத்தில சொக்லேட் கட்டியாம், அனுபவப்பட்ட அக்காமார் ஆரும் இருக்கிறியளோ?

கோண்டாவிலில இருந்து எழுதுறன். வயசு 31, கலியாணம் முடிச்சு 3 வருசம், இன்னும் பிள்ளை இல்லை. போன கிழமை ஸ்கானில இடது சூலகத்தில 4 சென்ரிமீற்றரில எண்டோமெற்றியோசிஸ் (கருப்பையின்ர உள்தோல் மாதிரியான இழையம் கருப்பைக்கு வெளியில வளர்ற வருத்தம்) கட்டி எண்டு வந்தது. உள்ளுக்குப் பழைய ரத்தம் தேங்கி சொக்லேட் நிறத்தில இருக்குமாம். மாதவிடாய் வந்தால் சுடுதண்ணிப் போத்திலை வயித்தோட அணைச்சுக்கொண்டு குசினி நிலத்திலதான் கிடப்பன். கலியாணம் கட்டினால் எல்லாம் சரிவரும் எண்டு அம்மா சொன்னதை நம்பி இருந்திட்டன்.

கட்டியை வெட்டேக்க நல்ல முட்டைகளும் குறையலாம், முதல்ல ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை (சூலகத்தில முட்டை எவ்வளவு மிச்சம் இருக்கெண்டு மதிப்பிடுறது) செய்யுங்கோ எண்டு ஆஸ்பத்திரியில சொன்னவை. கட்டியோடயே தானாப் பிள்ளை தங்கினவையும் இருக்கினமாம்.

உங்களில ஆரும் வெட்டாமலே பிள்ளை பெத்தனீங்களோ? வெட்டினனீங்கள் எண்டால் திரும்ப வந்ததோ? யாழ்ப்பாணத்திலயே இதை வடிவாப் பார்க்கிற பெண்ணோயியல் நிபுணர் ஆரெண்டும் சொல்லுங்கோ. மாமிக்கு இன்னும் சொல்லேல்லை, தனியா எழுதினாலும் சரி.