14,000 பவுண்டு டிரெய்லருக்கு எந்த டிரக்: எஃப்-250 டீசலா, எஃப்-350-ஆ?

டாலஸ்வாசி: அடுத்த கோடையில் குடும்பத்தோடு கொலராடோ போகிறோம். சாமானெல்லாம் ஏற்றிய நிறை எடை 14,000 பவுண்டு உள்ள ஃபிப்த் வீல் டிரெய்லர் (பிக்கப் டிரக்கின் முதுகில் மாட்டி இழுக்கும் நடமாடும் வீடு) ஒன்று பிடித்துப்போயிற்று. இழுக்க ஃபோர்டு எஃப்-250 டீசல் போதுமா, 350-க்கே போய்விடலாமா? விற்பவர் 250 தாராளம் என்கிறார்.

சாலைராஜா: தாராளம்தான். 6.7 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசல் ஆயிரம் பவுண்டு-அடிக்கு மேல் முறுக்குவிசை தருகிறது. இரண்டு வண்டிக்கும் அதே என்ஜின், அதே கியர்பாக்ஸ். பின்பக்க ஸ்பிரிங்கும் கதவு ஸ்டிக்கரும்தான் வேறு. பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர் பேக் போட்டுவிட்டால் பின்பக்கம் தாழாது.

எடைக்கணக்கு: ராஜா அண்ணா, அந்த ஸ்டிக்கர்தான் விஷயமே. டிரைவர் கதவைத் திறந்தால் ஆளும் சாமானும் சேர்த்து எத்தனை பவுண்டு வரை ஏற்றலாம் என்று ஒட்டியிருக்கும். ஃபிப்த் வீல் தன் எடையில் ஏறக்குறைய 20 சதவீதத்தை டிரக்கின் முதுகில் இறக்கும். 14,000-க்கு 2,800. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 200. நாலு பேர் 600. நாற்காலி, கருவிப்பெட்டி, அது இது 200. மொத்தம் 3,800. நாலு கதவு, நாலு சக்கர இழுவை உள்ள 250 டீசல் பலவற்றில் ஸ்டிக்கர் 3,000-ஐக்கூடத் தொடாது. அந்த டீசல் என்ஜினே கனம். ஏர் பேக் உயரத்தைத்தான் சரிசெய்யும். அச்சிலும் டயரிலும் விழும் பாரம் அப்படியேதான் இருக்கும்.

சாலைராஜா: டிரெய்லரை யார் நிறை எடைக்கு நிரப்புகிறார்கள்? வெறும் எடை 11,000 தானே இருக்கும்.

எடைக்கணக்கு: அது தண்ணீர், துணிமணி, பாத்திரம் எதுவும் ஏறாத எடை. 60 கேலன் தொட்டி நிரம்பினாலே 500 பவுண்டு. பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு போகிற வண்டியில் இதை ஊகத்துக்கு விடக் கூடாது. டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை இருக்கும், சாமானோடு ஏற்றி நிறுத்தினால் டிரக்கின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் என்று எடை தனித்தனியாக வரும்.

மலைப்பாதை: டென்வரிலிருந்து எழுதுகிறேன். 350 சரி, ஆனால் காசு மிச்சம் என்று 7.3 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்குப் போகாதீர்கள். கொலராடோ மலைகளைக் கடக்கும் ஐ-70 நெடுஞ்சாலையில் டில்லன் பக்கமிருந்து ஐசன்ஹவர் சுரங்கம் வரை சுமார் 8 மைல், 7 சதவீதம் வரை ஏற்றம், உச்சி 11,000 அடிக்கு மேல். டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். சுரங்க வாசலில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். ஏற்றத்தையாவது மெல்ல ஏறிக் கடக்கலாம், இறக்கம்தான் எனக்குக் கவலை. டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் (புகைப்போக்கை அடைத்து என்ஜினாலேயே வேகம் குறைப்பது) வேகத்தைப் பிடித்துவைக்கும், காலடி பிரேக் சூடேறாது. பின்னால் நாலு டயர் உள்ள டூயலி இந்த எடைக்கு அவசியமில்லை.

சாலைராஜா: வருடத்தில் சில வாரம்தான் மலை. மற்ற நாளெல்லாம் வேலைக்கும் கடைக்கும் ஓட்ட வேண்டுமே, 350 தூக்கிப் போடும்.

எடைக்கணக்கு: பின்னால் இரண்டு டயர் உள்ள 350-க்கும் 250-க்கும் நீள அகலம் ஒன்றுதான். விலை வித்தியாசம், டீசலுக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையோடு பார்த்தால் சொற்பம். வெறும் வண்டியில் கொஞ்சம் குதிக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

சாலைராஜா: அப்படியென்றால் டிரெய்லரைச் சின்னதாக்குங்கள். 10,000 பவுண்டில் நல்ல ஃபிப்த் வீல்கள் இருக்கின்றன, 250 போதும்.

எடைக்கணக்கு: முதுகில் விழும் 20 சதவீதம் 2,000-மும் ஆள், ஹிட்ச், சாமான் 1,000-மும் சேர்த்து 3,000. விளிம்பில்தான் நிற்கிறது. கண்ணாடிக் கூரை, சொகுசு இருக்கை என்று ஏற ஏற ஸ்டிக்கர் எண் இறங்கும். ஒரே மாடலில் இரண்டு வண்டிக்கு எண் வேறாக இருக்கும். டாலஸ்வாசி, எந்த வண்டிக்குக் கையெழுத்துப் போடுகிறீர்களோ அதே வண்டியின் கதவைத் திறந்து பாருங்கள்.