பதில்: கன்டெய்னருக்குக் கொள்கலனா, கலனா?

அனைவருக்கும் வணக்கம். டாக்கர் (செயலியை அதற்குத் தேவையானவற்றோடு கட்டி ஓட்டும் மென்பொருள்) சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> இமேஜ், கன்டெய்னர் இரண்டுக்குமே ‘கொள்கலன்’ என்று வைத்துவிடலாமே?

வேண்டாம். புதிதாகக் கற்பவர்கள் குழம்புவதே இங்கேதான். ஒரு சின்ன பைத்தான் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்கர்ஃபைலில் (கட்டும் முறையைச் சொல்லும் கோப்பு) நாலைந்து வரிதான்: எந்த அடிப்படைப் படிமத்தின் (இமேஜ்) மேல் கட்டுவது, தேவையான நிரலகங்களின் (லைப்ரரி) பட்டியலை முதலில் நகலெடுத்து நிறுவுவது, அப்புறம் நம் நிரலை நகலெடுப்பது, தொடங்கும்போது ஓட வேண்டிய கட்டளை. (பட்டியலை முதலில் வைத்தால், நிரலில் ஒரு வரி மாறும்போதெல்லாம் நிரலகங்களை மறுபடி நிறுவ வேண்டாம், அந்த வரி உருவாக்கிய அடுக்கு அப்படியே பயன்படும்.) ‘டாக்கர் பில்ட்’ கொடுத்தால் கிடைப்பது படிமம், அது மாறாது. ‘டாக்கர் ரன்’ கொடுத்தால்தான் கன்டெய்னர் உருவாகும், படிமத்தின் மேல் எழுதக்கூடிய ஓர் அடுக்கு சேரும், கன்டெய்னரை அழித்தால் அதில் எழுதியதெல்லாம் போய்விடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், “கொள்கலனில் கோப்பை மாற்றினேன், புதிதாக ஓட்டினால் பழையதே வருகிறது” என்பவருக்கு என்ன சொல்லி விளக்குவது? வட்டுப் படிமம் (டிஸ்க் இமேஜ்) என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது, இமேஜுக்குப் படிமமே இருக்கட்டும்.

> கன்டெய்னருக்கு ‘மெய்நிகர்ப் பெட்டி’ என்றால் எளிதாகப் புரியுமே?

தவறாகப் புரியும். மெய்நிகர் எந்திரத்துக்கு (விர்ச்சுவல் மெஷின்) தனிக் கர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, உண்டு. கன்டெய்னர் தன்னை ஓட்டும் கணினியின் கர்னலையே பகிர்ந்துகொள்கிறது. கர்னலின் நேம்ஸ்பேஸ் வசதி அதன் பார்வைக்கு எல்லை போடுகிறது, 2008-இல் லினக்ஸ் கர்னலுக்குள் வந்த சிகுரூப் வசதி நினைவகத்துக்கும் சிபியுவுக்கும் அளவு வைக்கிறது. மற்றபடி அது சாதாரணச் செயல்முறைதான் (பிராசஸ்).

கன்டெய்னருக்கு என் பரிந்துரை கலன். கொள்கலன் பிழையில்லை, ஆனால் ‘கொள்கலனாக்கப்பட்ட செயலி’ என்று நாலு தடவை எழுதிப் பாருங்கள், கை ஓய்ந்துவிடும். கலனாக்கு, கலனாக்கம், கலனாக்கிய செயலி எல்லாம் இயல்பாக வருகின்றன. உண்கலம், மரக்கலம் என்று உள்ளே வைப்பதையும் கொண்டுசெல்வதையும் அந்தச் சொல் முன்பே சுமந்திருக்கிறது.

டிப்ளாய்மென்டுக்கு (செயலியைப் பயன்பாட்டுக்கு விடுவது) ‘வரிசைப்படுத்தல்’ என்று எழுதுவதை இப்போதே நிறுத்திவிடுவோம், அது சார்ட்டிங் (sorting). ‘களமிறக்கம்’ போதும், “கலனாக்கிக் களமிறக்கினோம்” என்றால் யாருக்கும் புரியும்.

வால்யூம்தான் பாக்கி. கலன் அழிந்தாலும் தரவு தங்கும் இடம் அது, ‘தொகுதி’ என்றால் அந்தப் பொருளே வராது. ‘தரவிருப்பு’ சரிப்படுமா?